சாறு எங்கே போகிறது? மாட்டிறைச்சி ரோஸ்ட்டைச் சுற்றிய பழைய வாதங்கள்

ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சியை வெட்டாமல் முழுத்துண்டாக ஓவனில் வைத்து, மேலே கருஞ்சிவப்பாக முறுகவும் உள்ளே சாறு வற்றாமலும் எடுப்பது எப்படி? இதற்கு எழுத்தில் கிடைக்கும் பதில்களே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிப் போகின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கடுந்தீயில் தொடங்கு என்கிறது ஒரு கட்சி, கடுந்தீயில் முடி என்கிறது மற்றொன்று. உப்பை முந்தின நாளே தடவச் சொல்கிறவர்கள் உண்டு. அடுப்பில் ஏறும்வரை உப்பே படக்கூடாது என்றவர்களும் உண்டு. இரவு முழுக்க மசாலாவில் ஊறினால்தான் கறிக்குள் ருசி ஏறும் என்பது பரவலான நம்பிக்கை. அது எந்த அளவுக்கு உண்மை என்பதும் தனி வாதம்.

சாறு வேறு, ருசி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் இந்த வாதங்களில் பல நீண்டுபோயின என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

துளை அடைபடும் என்ற நம்பிக்கை

மிகப் பழைய விளக்கம் அரிஸ்டாட்டிலுடையது. தீயில் வாட்டும்போது தீயை ஒட்டிய நுண்துளைகள் முதலில் சுருங்கி அடைபடுகின்றன, ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது என்று ‘வானிலையியல்’ நூலின் நான்காம் பகுதியில் அவர் எழுதினார். ஆனால் ஐரோப்பிய அடுக்களைகள் நெடுங்காலம் வேறு வழியில் போயின. பெரிய துண்டைக் கம்பியில் கோத்து, தீக்குச் சற்றுத் தள்ளிச் சுழலவிட்டு மெல்ல வேகவைப்பார்கள். வெந்து முடியும் தறுவாயில் தீயருகே நகர்த்திச் சிவக்கவைப்பார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக். இறைச்சியின் சத்து அதன் சாற்றில் இருக்கிறது, சாறு போனால் மிஞ்சுவது சக்கை என்பது 1847இல் வந்த அவருடைய நூலின் அடிப்படை. எனவே தொடக்கத்திலேயே கடுஞ்சூட்டுக்கு உள்ளாக்கினால் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து ஓடுபோல் மூடிக்கொள்ளும், அந்த ஓடு சாற்றைக் காக்கும் என்றார். நூல் அதே ஆண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சமையல் நூலாசிரியர் எலிசா ஆக்டன் 1855இல் தம் நூலைத் திருத்தி வெளியிட்டபோது முகப்பிலேயே லீபிக் பெயரைச் சேர்த்துக்கொண்டார். 1903இல் பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் எஸ்காஃபியேயின் பெருநூல் வந்தபோது கடுந்தீயில் உருவாகும் மேலோடு சாற்றுக்குக் கவசம் என்ற எண்ணம் பிரெஞ்சுத் தொழில்முறைச் சமையலிலும் ஊறிவிட்டிருந்தது. லீபிக்கின் பெயரில் 1865இல் தொடங்கிய நிறுவனம் உருகுவேயின் ஃப்ரே பென்டோஸில் மாட்டிறைச்சிச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்து உலகெங்கும் விற்றது. சாற்றைக் காக்கச் சொன்னவர் பெயரிலேயே சாறு ஜாடியில் அடைபட்டு விலைபோனது வேடிக்கைதான்.

லீபிக்கின் முடிவு வேதியியல் ஊகத்திலிருந்து வந்தது. ரோஸ்ட்டை எடைபோட்டுப் பார்த்து வந்ததல்ல. எடைபோட்டுப் பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள். 1930 வாக்கில் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் விலா ரோஸ்ட்டுகளை இரு விதமாகச் சமைத்து ஒப்பிட்டார்கள். முதலில் கடுஞ்சூட்டில் சிவக்கவைத்த துண்டுகள், ஒரே மிதமான சூட்டில் வெந்த துண்டுகளைவிடச் சாற்றைக் கூடுதலாகக் காத்துவிடவில்லை. இந்தச் செய்தி வீட்டு அடுக்களைக்கு வந்துசேர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1984இல் ஹெரால்ட் மெக்கீ தம் சமையல் அறிவியல் நூலில் லீபிக்கின் கொள்கையைப் பெயர் சொல்லி மறுத்த பிறகே அது பொதுப்பேச்சில் ஆட்டம் கண்டது.

இதை மெய்ப்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. காய்ந்த இரும்பு வாணலியில் தடித்த துண்டைப் போட்டு ஒரு பக்கம் நன்றாகச் சிவந்ததும் திருப்பிப் போடுங்கள். சிறிது நேரத்தில், முறுகிய அந்தப் பக்கத்தின் மேலேயே இளஞ்சிவப்பாகச் சாறு துளித்துளியாகப் பொடித்து நிற்கும். அடைபட்ட ஓடாக இருந்தால் அது அங்கே வந்திருக்காது. கீழ்ப்பக்கத்தில் சொய்யென்று ஓயாமல் கேட்கும் சத்தமும் நீர் வெளியேறி ஆவியாகும் சத்தமே.

பொய்யென்று தெரிந்த பின்னும் இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? முறுகிய ரோஸ்ட் நிஜமாகவே ருசிக்கிறது. வாசனை தூக்கினால் நாவில் எச்சில் ஊறுகிறது. மெல்லும்போது அந்த ஈரமும் கறியின் ஈரத்தோடு சேர்ந்துகொள்கிறது. அனுபவம் சரி, அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு.

மெல்லிய தீயின் கட்சி

எதிர்க்கட்சியின் மூலவர் ரம்ஃபர்ட் பிரபு என்ற பெஞ்சமின் தாம்சன். வெப்பத்தை ஆராய்ந்த இயற்பியலாளர். 1799இல் லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் உருவானதில் முதன்மைப் பங்கு அவருடையது. உருளைக்கிழங்கை உலர்த்துவதற்காகத் தாம் அமைத்த எந்திரத்தில் இறைச்சி வேகுமா என்று பார்க்க, ஆட்டின் முன்தொடை ஒன்றை அதற்குள் வைத்தார். மூன்று மணி நேரம் காத்திருந்தும் வெந்தபாடில்லை. சூடு போதாது என்று முடிவுகட்டி அதைப் பணிப்பெண்களிடம் விட்டுப் போய்விட்டார். அவர்களும் கறியை உள்ளேயே விட்டுத் தூங்கப் போனார்கள். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் பழுதில்லாமல் வெந்திருந்தது. அப்படியொரு ருசியைத் தாம் கண்டதில்லை என்கிற பாங்கில் எழுதிவைத்தார் ரம்ஃபர்ட். 1969இல் அதே ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடையில் நிக்கோலஸ் கூர்ட்டி என்ற இயற்பியலாளர் இச்சோதனையை மறுபடி எடுத்துக்காட்டினார்.

இக்கட்சிக்குப் பின்னாளைய புரத ஆய்வுகள் வலுச் சேர்த்தன. கொழுப்பில்லாத பச்சை இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். தசைநாரிலுள்ள மயோசின் புரதம் 50 டிகிரி செல்சியஸ் அளவில் உறையத் தொடங்குகிறது. அப்போது கறி இறுகும், ஆனால் சாறு பெரிதாகப் போகாது. 60 டிகிரியைத் தாண்டியதும் நார்க்கட்டுகளைச் சுற்றியுள்ள கொலாஜன் சவ்வு சுருங்கிப் பிழிய ஆரம்பிக்கிறது. சாறு பெருக்கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். 70 டிகிரியை நெருங்கும்போது சிவப்பு நிறம் தரும் மயோகுளோபினும் உருக்குலைந்து கறி சாம்பல் நிறமாகிறது. (தட்டில் வழியும் சிவப்பு நீரை ரத்தம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது மயோகுளோபின் கலந்த நீர். ரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது.) ஆக, சாற்றைத் தீர்மானிப்பது துண்டின் நடுப்பகுதி எத்தனை டிகிரிவரை போனது என்பதுதான். முதலில் சிவக்கவைத்தோமா கடைசியிலா என்பது இதில் சின்ன விஷயம்.

ஓவன் சூடு வேறொரு வகையில் முக்கியம். 220 டிகிரியில் வைத்தால் நடுப்பகுதி 55 டிகிரியை எட்டுவதற்குள் வெளிச்சுற்று 80ஐத் தாண்டிச் சாம்பல் வளையமாகிவிடும். 110 அல்லது 120 டிகிரியில் மெல்ல வைத்தால் ஓரம்முதல் நடுவரை ஏறத்தாழ ஒரே பக்குவம். அப்படி வேகவைத்துவிட்டு இறுதியில் சில நிமிடம் கடுஞ்சூட்டில் சிவக்கவைக்கும் முறை ‘ரிவர்ஸ் சியர்’ என்ற பெயரில் கடந்த இருபது ஆண்டுகளாக அமெரிக்காவில் பிரபலம்; ஜே. கென்ஜி லோப்பஸ்-ஆல்ட் போன்ற எழுத்தாளர்கள் அதைப் பரப்பினார்கள். புதுமை என்று கொண்டாடப்படும் இந்த வரிசை, லீபிக்குக்கு முந்தைய கம்பி ரோஸ்ட்டின் வரிசையேதான்.

மெல்லிய தீக்கும் குறைகள் உண்டு. தட்டில் கொழுப்பும் சாறும் கருகிப் பிடிக்காததால் கிரேவிக்கு அடித்தளம் கிடைப்பதில்லை. ஆங்கிலேயரின் ஞாயிறு விருந்தில் ரோஸ்ட்டோடு வரும் யார்க்‌ஷயர் புட்டிங்குக்கு அந்த உருகிய கொழுப்பே ஆதாரம். அந்த மரபில் வந்தவர்கள் கடுஞ்சூட்டில் தொடங்குவதை விடாததற்கு இது போதுமான காரணம். லீபிக்கின் ஓடு பொய்யானதால் அவர்களின் பழக்கமும் தவறாகிவிடாது.

முறுகல் தரும் ருசி

1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமிய் மயார், அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதை விவரித்தார். 1953இல் அமெரிக்க வேளாண் துறையின் ஜான் ஹாட்ஜ் அந்த வினையின் படிகளை வரைபடமாக்கினார். ரோஸ்ட்டின் மேற்பரப்பு ருசிக்கு இதுவே மூலம் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இந்த வினை விரைவாக நடக்க 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. துண்டைத் துணியால் நன்றாக ஒற்றியெடுப்பதும், மூடாமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்து உலரவிடுவதும் இதற்காகவே.

உப்பு உள்ளே, மசாலா வெளியே

முன்கூட்டியே உப்பிட்டால் சாறு வெளியேறிவிடும் என்பது பழைய எச்சரிக்கை. இது பாதி உண்மை. உப்புத் தூவிய சில நிமிடங்களில் மேலே முத்து முத்தாக நீர் அரும்பும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பரப்பு முழுதும் நனைந்துவிடும்; அந்த நிலையில் அடுப்பில் ஏற்றினால் கறி சிவக்காமல் அவியும். எச்சரிக்கை விடுத்தவர்கள் கண்டது இதைத்தான். அவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். உப்பு அந்த நீரில் கரைந்து, முக்கால் மணி நேர அளவில் உப்புநீராகவே கறிக்குள் திரும்பத் தொடங்குகிறது. உள்ளே போன உப்பு தசைப்புரதத்தைத் தளர்த்தி, சூட்டில் பிழிபடும் நீரைக் குறைக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜூனி கஃபேயை நடத்திய ஜூடி ராட்ஜர்ஸ் 2002இல் வெளியிட்ட சமையல் நூலில் இந்த முன்னுப்பு முறையை அழுத்தமாக முன்வைத்தார். தனித்தட்டில் வைக்கும் தடித்த துண்டுக்கு ஒரு மணி நேரம் போதலாம். ஒன்றரைக் கிலோ ரோஸ்ட்டுக்கு ஓர் இரவு, முடிந்தால் ஒரு நாள். கிலோவுக்குப் பத்துக் கிராம் தூள் உப்பு நல்ல தொடக்க அளவு. உப்பிட அவகாசம் இல்லையென்றால் ஓவனில் வைக்கும் கணத்தில் இடலாம். இடைப்பட்ட கால் மணி நேரம்தான் மோசமான நேரம்.

மசாலாவின் கதை வேறு. பூண்டு, மிளகு, சோம்பு, ரோஸ்மேரி எதுவானாலும் அதன் மணப்பொருள்களில் பெரும்பகுதி எண்ணெயில் கரைபவை. நீர் நிறைந்த தசைக்குள் அவற்றால் எளிதில் நுழைய முடியாது. இரவு முழுக்க ஊறினாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை என்பதே பெரும்பாலான சோதனைகள் காட்டுவது. அப்படியானால் மசாலா ‘பிடித்த’ கறி என்று நம் நாக்கு உணர்வது பொய்யா? இல்லை, அது துண்டின் அளவைப் பொறுத்த விஷயம். மசாலா மூன்று மில்லிமீட்டர் ஆழம் போவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு சென்டிமீட்டர் கனசதுரத் துண்டில் அது கனஅளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டுவிடுகிறது. பன்னிரண்டு சென்டிமீட்டர் கனசதுரமான ரோஸ்ட்டில் ஏழில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது. சுக்காவிலும் வறுவலிலும் பழகிய கை, முழு ரோஸ்ட்டிலும் அதே மாயத்தை எதிர்பார்த்து மசாலாவை இரட்டிப்பாக்குவது வீண். மேலே அப்பிய மசாலா கடுஞ்சூட்டில் கருகிக் கசக்கவும் கூடும். ஆங்கில மரபு இதை ஆய்வில்லாமலே புரிந்துகொண்டிருந்தது போலும்: கறிக்கு உப்பும் மிளகும் மட்டும், மற்ற காரசாரமெல்லாம் கடுகு விழுதாகவும் ஹார்ஸ்ராடிஷாகவும் கிரேவியாகவும் சாப்பிடும் தட்டில்தான் சேரும். மெல்லிய வில்லைகளாக அரிந்து கிரேவியில் தோய்க்கும்போது ஒவ்வொரு வாய்க்கும் மேற்பரப்பு கூடிவிடுகிறது.

தயிர், வினிகர் போன்ற புளிப்பும் பப்பாளிக்காயும் தனி வகை. புளிப்பு மேற்பரப்பை மட்டும் மென்மையாக்கும். அதிக நேரம் விட்டால் மாவுத்தன்மை வந்துவிடும். பப்பாளியின் பப்பைன் வேலை செய்வது பெரும்பாலும் சமைக்கும்போது சூடேறும் கட்டத்தில்தான். அதுவும் தொட்ட இடத்தில் மட்டுமே. நடுவை மென்மையாக்க முள்கரண்டியால் குத்தித் தடவினால் வேறொரு ஆபத்து வருகிறது. முழுத்துண்டில் கிருமிகள் மேற்பரப்பில் இருக்கும், சூட்டில் சாகும். குத்தினால் அவை உள்ளே போய்விடும். அந்தத் துண்டை உள்ளே சிவப்பாக விட்டுச் சாப்பிடுவது பாதுகாப்பல்ல.

எந்தத் துண்டு, எந்த மாடு

மேலே சொன்ன வாதங்கள் எல்லாவற்றிலும் ஒரு மௌனமான அனுமானம் உண்டு: இளம் மாடு, ஊடுகொழுப்பு ஓடும் விலா அல்லது முதுகுக்கறி, அறுத்தபின் குளிரறையில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டுப் பதப்படுத்தியது. அந்தக் கறியில் இருக்கும் சிறிதளவு கொலாஜன் தொல்லை தராது. 55 டிகிரியில் இறக்கலாம். தொடை, தோள், நெஞ்சுக்கறி ஆகியவை அப்படியல்ல. அவற்றின் கொலாஜன் உருகி ஜெலட்டினாக வேண்டும். 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் பிடிக்கும். டெக்சாஸில் நெஞ்சுக்கறியை 90 டிகிரி தாண்டும்வரை புகையில் வைப்பது இதனால்தான். அதற்குள் நீரெல்லாம் பிழிபட்டுப் போயிருக்கும்; ஆனாலும் வாயில் வழுவழுவென்று இருக்கிறது, ஜெலட்டினும் கொழுப்பும் நாரைப் பூசியிருப்பதால். சாறு என்று நாம் சொல்வது எப்போதும் நீரையே குறிப்பதில்லை. மெல்லிய தீக் கட்சியினரில் பலர் தவறவிடுவது இதைத்தான்.

கேரளத்து பீஃப் ரோஸ்ட்டும் ‘பீஃப் உலர்த்தியது’ என்ற வறுவலும், கொலாஜனை உருக்கும் இந்த இரண்டாம் வழியின் நேர்த்தியான வடிவங்கள். சிறு துண்டுகளை உப்பும் மசாலாவும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து முதலில் வேகவிடுகிறார்கள். நீர் வற்றிய பிறகு தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகோடு கருக்க வறுக்கிறார்கள். கொலாஜன் உருகுவது முதலில், மயார் வினை கடைசியில். குமரி மாவட்ட அடுக்களைகளுக்கும் இந்த வரிசை அன்னியமல்ல. பிரஷர் குக்கரின் 120 டிகிரி, பல மணி நேர வேலையை முக்கால் மணிக்குள் முடித்துத் தருகிறது. ஓவனில் வேகும் முழு ரோஸ்ட்டோடு இதை ஒப்பிட்டு எது உயர்ந்தது என்று கேட்பதில் பொருளில்லை. இங்கே பல ஊர்களில் பீஃப் என்று கிடைப்பது எருமை அல்லது வயதான மாட்டின் கறி. ஊடுகொழுப்பு குறைவு, நார் தடிப்பு, விடிகாலையில் அறுத்து முற்பகலுக்குள் விற்றுத் தீர்வது. அதை 55 டிகிரியில் இறக்கினால் ரப்பராக இழுக்கும்.

ஆறவிடும் நேரம்

ஓவனிலிருந்து எடுத்ததும் வெட்டாமல் பதினைந்து இருபது நிமிடம் விடு என்பது எல்லா நூல்களிலும் உள்ள விதி. சூட்டில் சாறு நடுவுக்கு ஓடியிருக்கும், ஆறும்போது பரவும் என்பது பழைய விளக்கம். இதை இன்று பலர் ஏற்பதில்லை. ஆறும்போது சாறு கெட்டிப்பட்டு வழிவது குறைகிறது என்கிறார்கள். வழிந்த சாற்றை எடைபோட்ட அமெரிக்க இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் போன்றவர்கள் வித்தியாசம் அற்பம் என்றே சொல்கிறார்கள். வழிந்ததைத் தொட்டுச் சாப்பிட்டால் நட்டமே இல்லை என்பது அவர்கள் வாதம். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: வெளியே எடுத்த பிறகும் நடுப்பகுதியின் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், கடுஞ்சூட்டு ஓவனானால் ஐந்து டிகிரிக்கு மேலும் ஏறலாம். இறக்க வேண்டிய சூட்டைக் கணக்கிடும்போது இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

தீர்ந்ததும் தீராததும்

மேலோடு சாற்றை அடைக்கும் என்ற கொள்கை தீர்ந்த கணக்கு. நடுப்பகுதியின் சூடே சாற்றைத் தீர்மானிக்கிறது என்பதற்கும், முன்னுப்பு பலன் தருகிறது என்பதற்கும் சான்று வலுவானது. ஆறவிடுவதால் எவ்வளவு பலன் என்பதும், முன்னுப்பு எத்தனை நாளுக்கு மேல் கறியைப் பதனிட்ட இறைச்சிபோல் இறுக்கிவிடும் என்பதும் இன்னும் வாதத்துக்குரியவை. பதப்படுத்தாத எருமைத் தொடைக்கறியை முழுத்துண்டாக, 70 டிகிரிக்கு மேல் மெல்லிய தீயில் எத்தனை மணி நேரம் வைத்தால் எது கைகூடும் என்பது, இங்கே சமைப்பவருக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்படக்கூடிய கேள்வி. மேற்கத்திய நூல்கள் அதைப் பேசுவதில்லை. நம் சமையல் நூல்கள் விசில் கணக்கோடு நின்றுவிடுகின்றன.

பாதுகாப்புக்கு, அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டுக்கு 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட இடைவெளியும் பரிந்துரைக்கிறது. கொத்துக்கறிக்கு 71 டிகிரி. குளிர்ச்சங்கிலி இல்லாமல் திறந்த கடையில் வாங்கிய கறிக்கு உள்ளே சிவந்த பக்குவம் ஏற்றதல்ல. வீட்டில் ரோஸ்ட் செய்ய நினைப்பவர் மசாலாப் பட்டியலைத் தேடுமுன் கறிக்கடைக்காரரிடம் இது எந்தத் துண்டு, எருமையா மாடா, எப்போது அறுத்தது என்று கேட்டுக்கொள்ளட்டும். அடுத்து, கறியில் குத்திப் பார்க்கும் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கட்டும்.